திருப்பித் தரப்படாத திருமணப் படங்கள்

சென்ற குளிர்காலத்தில் என் தோழியர் இருவர் தங்கள் சொந்த நிலத்தில் மணம் புரிந்துகொண்டனர். ஐதராபாத்திலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில், துவரையும் சோளமும் விளையும் சிறு பண்ணை அது. ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. பந்தலை அவர்களே கட்டியிருந்தனர். முந்தைய இரவு பத்துப் பேர் களத்தில் அமர்ந்து செண்டுமல்லியைச் சரமாகத் தொடுத்தோம். அழைப்பிதழ் கையால் எழுதப்பட்டது. சோள ரொட்டியும் கத்தரிக்காய்க் குழம்பும் பக்கத்து நிலத்து அம்மையார் ஒருவரின் மேற்பார்வையில் விறகடுப்பில் வெந்தன. வாடகைக்கு வந்தவை நாற்காலிகளும் இரண்டு அண்டாக்களும்தாம். படம் எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மொழியியல் களப்பணிக்காக வாங்கிய பழைய கேமரா ஒன்று என்னிடம் இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி எதுவும் எனக்கில்லை.

மாலையில் விருந்தினர் கலைந்தபின் இருவரும் என்னிடம் வைத்த கோரிக்கைகளே இக்கட்டுரையைத் தொடங்கிவைத்தன. மெமரி கார்டை நகல் எடுக்காமல் அப்படியே தந்துவிட வேண்டும். அச்சுக்காக அதை ஊரிலுள்ள ஸ்டுடியோ எதற்கும் கொண்டுபோகக் கூடாது. அவர்களே சிறிய அச்சுப்பொறி ஒன்றை வாங்கி வைத்திருந்தனர். அச்சுப் படங்கள் இரண்டு தொகுதிகள்: ஒன்று பண்ணை வீட்டில் இருக்கும், மற்றொன்று வேறொரு நகரத்தில், இருவரின் குடும்பத்தாரும் அறியாத ஒரு நண்பரிடம் இருக்கும். ஏன் இரண்டு என்று நான் கேட்கவில்லை. ஒருவர் மருத்துவமனையில் கிடக்கும் நாளில், அல்லது நிலத்துக்கு உரிமை கோரி உறவினர் யாரேனும் வந்து நிற்கும் நாளில், மற்றவர் எடுத்துக் காட்டுவதற்கு வேறு தாள் எதுவும் அவர்களிடம் இல்லை. ஸ்டுடியோவைப் பற்றிய அச்சம் மட்டும் முதலில் எனக்குச் சற்று மிகையாகத் தோன்றியது. திரும்பும் பேருந்தில்தான் 1957ஆம் ஆண்டின் பிலடெல்பியா படங்கள் நினைவுக்கு வந்தன. ஆகவே இப்பதிவோடு படம் எதுவும் இல்லை. படங்களின் வரலாறு மட்டும் இருக்கிறது.

பண்ணைத் திருமணம் என்பது இன்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் திருமண ஒளிப்படக் கலையின் ஒரு தனி வகை. மரக் களஞ்சியம், கண்ணாடிக் குப்பிகளில் காட்டுப் பூக்கள், வீட்டிலேயே சுட்ட கேக், நிற்கவைத்து எடுக்காத இயல்பான படங்கள். நம் நாட்டு ஒளிப்படக்காரர்களும் இந்தப் பாணியை இப்போது விளம்பரப்படுத்துகின்றனர். எதிர்பாலினத்தவர் திருமணத்தில் இது பெரும்பாலும் ஒரு ரசனைத் தேர்வு. தன்பாலினத்தவர் திருமணத்தில் இதே தோற்றத்துக்குப் பழையதொரு காரணம் உண்டு என்று கருதுகிறேன். கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் ஒரு விற்பவர் இருக்கிறார், அவர் மறுக்கலாம். மறுப்பவர்கள் மிகுந்திருந்த காலத்தில் கையால் செய்துகொள்வது ஒன்றே வழியாக இருந்தது. நிலமும் தம்முடையதாக இருந்தால் இன்னும் நல்லது.

இதற்கு என் கைவசமுள்ள மிகப் பழைய சான்று கேமராவுக்கும் முந்தியது. வடகிழக்கு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வேபிரிட்ஜ் என்றொரு சிற்றூர். அங்கே 1807ஆம் ஆண்டில் சாரிட்டி பிரையன்ட், சில்வியா டிரேக் என்னும் இரு பெண்கள் சேர்ந்து வாழத் தொடங்கினர். தையல் தொழில் செய்து பிழைத்தனர். சிறிய வீடொன்று கட்டிக்கொண்டனர். 1851இல் சாரிட்டி இறக்கும்வரை 44 ஆண்டுகள் பிரியவில்லை. இருவருக்கும் கல்லறைக் கல் ஒன்றே. ஊரும் உறவும் இவர்களை மணமானவர்களாகவே நடத்தின என்பதைக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் கொண்டு வரலாற்றாசிரியர் ரேச்சல் ஹோப் கிளீவ்ஸ் 2014இல் வெளியிட்ட நூலில் நிறுவுகிறார். இவர்களுடைய இணைப்படம் மிடில்பரி நகரிலுள்ள ஹென்றி ஷெல்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது நிழலுருவம்: ஒன்றையொன்று நோக்கும் இரண்டு பக்கவாட்டு முகங்கள், அவற்றைச் சுற்றி இதய வடிவில் பின்னப்பட்ட தலைமுடி. ஊசியும் கத்தரிக்கோலும் அறிந்த கைகளுக்கு ஏற்ற படம். அந்நியர் ஒருவரின் கூடத்துக்குள் போய்த் திரும்பவேண்டிய தேவை அதற்கு இல்லை.

ஒளிப்படம் வந்தபின் நிலைமை மாறியது. 1888இல் ஈஸ்ட்மன் சந்தைக்குக் கொண்டுவந்த முதல் கோடக் கேமராவில் நூறு படங்கள் எடுக்கலாம். எடுத்து முடித்ததும் கேமராவையே ராச்செஸ்டருக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே கழுவி அச்சிட்டு, புதுச் சுருளிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். எளிய மக்களின் கைக்குப் படக்கலை வந்தது உண்மை. ஆனால் எடுப்பவருக்கும் படத்துக்கும் நடுவே முன்பின் அறியாத ஒரு சோடிக் கண்கள் நிரந்தரமாக அமர்ந்தன. கோடக்கின் வண்ணச் சுருளுக்கான விலையில் கழுவும் கட்டணமும் சேர்ந்தே இருந்தது. 1954இல் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட ஏகபோகத் தடுப்பு உடன்பாடு வரும்வரை அச்சுருளைக் கோடக்கிடமே அனுப்பியாக வேண்டும். கருப்பு வெள்ளைச் சுருள்கள் தெருமுனைக் கடைக்குப் போயின. எந்தக் குடும்பத்தில் யார் யாரோடு நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள் என்பது கடைக்காரருக்குத் தெரியும். தணிக்கை என்றால் நாம் அரசையும் செய்தித்தாளையும் திரைப்படத்தையுமே நினைக்கிறோம். படம் கழுவும் கடையின் தணிக்கையைப் பற்றி எழுதப்பட்டவை குறைவு.

அந்தத் தணிக்கையின் தடயம் தற்செயலாகத் தப்பிப் பிழைத்த இடம் பிலடெல்பியா. 1957இல் அந்நகரின் வடபகுதியில் உள்ள ஒரு கடையில் ஒருவர் படச்சுருளைக் கழுவக் கொடுக்கிறார். கழுவிப் பார்த்தால், ஒரு குடியிருப்பின் அறைக்குள் இரு ஆண்களின் திருமணம். சாளரத் திரைகள் இறக்கப்பட்டிருக்கின்றன. கோட்டில் பூச் செருகிய மணமக்கள், சடங்கு, முத்தம், கேக் வெட்டுதல், நடனம், பரிசுப் பொட்டலங்களைப் பிரித்தல் என ஒரு சராசரி அமெரிக்கத் திருமணத் தொகுப்பில் இருக்கவேண்டிய அத்தனையும் வரிசை மாறாமல் இருக்கின்றன. அவை தகாதவை என்று கடை நிருவாகி முடிவுசெய்து, கொடுத்தவரிடம் திருப்பித் தர மறுத்துவிடுகிறார். அங்கே பணிபுரிந்த ஒருவர், என்றேனும் உரியவரிடம் சேர்த்துவிடலாம் என்ற எண்ணத்தில் படங்களைத் தம்மிடம் வைத்துக்கொள்கிறார். உரியவர் வரவில்லை. அந்தப் பணியாளர் மறைந்தபின் படங்கள் இணைய ஏலத்துக்கு வந்து, பின்னர் 2013இல் லாஸ் ஏஞ்சல்ஸின் ஒன் ஆவணக் காப்பகத்துக்கும் பிலடெல்பியாவின் வில்காக்ஸ் ஆவணக் காப்பகத்துக்கும் போய்ச் சேர்ந்தன.

இந்தக் கதையை மகிழ்ச்சியான கண்டுபிடிப்பாகவே பலரும் பகிர்கின்றனர். எனக்கு அதில் உறுத்துவது வேறு. நமக்கு அப்படங்கள் கிடைத்ததற்கே காரணம், அவை அவர்களுக்குக் கிடைக்காமல் போனதுதான். கடை நிருவாகி ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்திருந்தால் அவை ஒரு வீட்டு அலமாரியில் இருந்து, இருவரும் மறைந்தபின் உறவினரால் எரிக்கப்பட்டிருக்கவும் கூடும். அல்லது அவர்கள் முதுமை வரை புரட்டிப் பார்த்து மகிழ்ந்திருக்கவும் கூடும். ஆவணக் காப்பகத்தில் அமர்ந்து வேலை செய்யும் நம்மைப் போன்றோர் இந்தக் கணக்கை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

கடைக்காரரைத் தவிர்க்க வழிகள் இருந்தன. 1925இல் நியூயார்க்கின் பிராட்வேயில் அனடோல் ஜோசஃபோ நிறுவிய தானியங்கிப் படக்கூண்டில் திரையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தால் 25 சென்டுக்கு எட்டுப் படங்கள். அரை நூற்றாண்டுக் காலத்தின் தன்பாலினக் காதல் படங்களில் பல அத்தகைய கூண்டுகளில் எடுக்கப்பட்டவை. கூண்டுக்குள் இருவர் மட்டுமே நெருக்கி உட்காரலாம். திருமணம் நடத்த இயலாது. 1948 நவம்பரில் பாஸ்டனில் விற்பனைக்கு வந்த போலராய்டு அந்தக் குறையைத் தீர்த்தது. கழுவும் கடையே தேவையில்லை, ஒரு நிமிடத்தில் படம் கையில். அதன் விலை 89 டாலர் 75 சென்ட், அன்றைக்குச் சிறு தொகை அன்று. அதைவிடப் பெரிய விலை ஒன்றும் இருந்தது: மறுபடி அச்சிடுவதற்கான நெகட்டிவ் கைக்கு வராது. ஒரே படி. அது தொலைந்தால், அல்லது சினத்தில் ஒருவர் கிழித்தெறிந்தால், அந்த நாளே நடக்காததுபோல் ஆகிவிடும். என் தோழியர் இரண்டு தொகுதிகள் கேட்டதன் பொருள் இங்கே எனக்கு விளங்கியது.

அடுத்த தலைமுறை திரைகளை விலக்கியது. மின்னியாபொலிசில் ஜாக் பேக்கரும் மைக்கேல் மெக்கானலும் 1970 மே 18 அன்று திருமண உரிமத்துக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டனர். மறுஆண்டு பேக்கர் தம் பெயரை ஆண்பெண் பொதுப்பெயராக மாற்றிக்கொண்டபின் வேறொரு மாவட்டத்தில் இருவருக்கும் உரிமம் கிடைத்தது. 1971 செப்டம்பர் 3 அன்று ஒரு நண்பரின் குடியிருப்பில் மெதடிஸ்ட் போதகர் ஒருவர் முன்னிலையில் மணம் நடந்தது. வெள்ளை உடை, கயிறு முடிந்து செய்த தலைப்பட்டை, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இருவர் பெயரையும் காதலையும் ஒரு தொடராகப் படிக்கும்படி நண்பர் வடிவமைத்துக் கொடுத்த மோதிரங்கள். கடைகளில் ஆணுக்கும் ஆணுக்குமான மணப்பொருள் இல்லாத காலம். எனவே அழகுணர்வும் தேவையும் ஒரே கைவேலையில் கலந்துவிட்டன. அந்தத் திருமணம் செல்லும் என்று நீதிமன்றம் ஒன்று சொன்னது 2018இல்.

இடையில் மறுப்பு இடம்பெயர்ந்திருந்தது. எண்மக் கேமரா வந்து கழுவும் கடை மறைந்தபின், கதவடைத்தவர் ஒளிப்படக்காரர். 2006இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு பெண் தம் இணையரோடு நடத்தவிருந்த உறுதியேற்பு விழாவுக்குப் படமெடுக்க முடியுமா என்று மின்னஞ்சலில் கேட்டார். எலேன் ஃபோட்டோகிராஃபி என்ற நிறுவனம், மரபான திருமணங்களை மட்டுமே எடுப்பதாக விடை எழுதியது. பிறகு அவருடைய இணையர், யாருக்கு யாரோடு திருமணம் என்று சொல்லாமல் கேட்டபோது விலைப்பட்டியல் வந்தது. வழக்கு ஏழாண்டுகள் நடந்தது. படமெடுத்தல் தம் கருத்து வெளிப்பாடு, விரும்பாததை வெளிப்படுத்தச் சட்டம் கட்டாயப்படுத்தலாகாது என்பது ஒளிப்படக்காரர் தரப்பு. பொதுமக்களுக்குக் கடை திறந்து வைத்தவர் வாடிக்கையாளரைப் பிரித்துப் பார்க்கலாகாது என்று 2013 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நான்கு மாதம் கழித்து அதே நீதிமன்றம்தான் அம்மாநிலத்தில் தன்பாலினத் திருமணத்தைச் சட்டப்படி ஏற்றது. 2006இல் அந்த இணையருக்குச் சான்றிதழ் தர எந்த அலுவலகமும் இல்லை. அவர்களுக்கு ஆவணமாகக்கூடியது படத்தொகுப்பு ஒன்றே. அதையும் எடுத்துத்தர மறுத்ததை வெறும் வணிகப் பூசலாகப் பார்க்கும் கட்டுரைகள் இந்தப் புள்ளியைத் தவறவிடுகின்றன. ஒளிப்படக்காரரின் மனச்சான்று வாதத்தை எள்ளி ஒதுக்கவும் நான் விரும்பவில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்றவர் எவருக்கும் தெரியும், எடுப்பவரின் மனம் படத்தில் படியத்தான் செய்கிறது. 2023 ஜூனில் ஓர் இணையதள வடிவமைப்பாளரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தின் பக்கம் சாய்ந்ததால் கேள்வி மீண்டும் திறந்துகொண்டது.

அடுத்து, பண்ணை. நியூயார்க் மாநிலத்தில் தன்பாலினத் திருமணம் 2011 ஜூலையில் சட்டமாயிற்று. மறுஆண்டு இரு பெண்கள் லிபர்ட்டி ரிட்ஜ் என்ற பண்ணையைத் தொலைபேசியில் அழைத்து, அதன் களஞ்சியத்தில் மணவிழா நடத்தலாமா என்று விசாரித்தனர். மணமகன் இல்லை என்று தெரிந்ததும் இடம் மறுக்கப்பட்டது. உரிமையாளர்கள் அதே களஞ்சியத்தின் மேல்தளத்தில்தான் குடியிருந்தனர். எங்கள் வீட்டில் என்ன நடக்கலாம் என்பது எங்கள் உரிமை என்றனர். வாடகைக்கு விடும் களஞ்சியம் வீடு ஆகாது என்று 2016 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அரசுக்கு 10,000 டாலரும், பெண்கள் ஒவ்வொருவருக்கும் 1,500 டாலரும் செலுத்த வேண்டும் என்ற ஆணை நிலைத்தது. நாட்டுப்புற அமைதியின் சின்னமாக விற்கப்படும் களஞ்சியத்துக்கும் ஒரு வாயிற்காவலர் உண்டு என்று இவ்வழக்கு காட்டியது. இதற்குப் பிறகு தம் சொந்த வயலில் மணம் செய்துகொள்ளும் இணையரின் படங்களை வெறும் பாணியாகப் பார்க்க என்னால் முடிவதில்லை.

அமெரிக்க வழக்குகளை நாம் படிக்கும்போது ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். மறுத்தவர் மீது வழக்குப் போடும் சட்டம் அங்கே கையில் இருந்தது. இந்தியாவில் மறுப்பு பணியிடத்திலும் பிறந்த வீட்டிலும் தொடங்குகிறது. 1987 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சாகர் நகரில் லீலா நாம்தேவ், ஊர்மிளா ஸ்ரீவாஸ்தவா என்னும் இரு பெண் காவலர்கள் காந்தர்வ முறையில் மணந்துகொண்டனர். போபாலில் இருந்த அவர்களின் படைப்பிரிவு விரைவிலேயே இருவரையும் பணிநீக்கம் செய்தது. பணிக்கு வராதிருந்தது என்பது ஏட்டில் எழுதப்பட்ட காரணம். அவர்களின் படம் நாடெங்கும் செய்தித்தாள்களில் வெளியானது. பிலடெல்பியா இணையருக்குத் தங்கள் படம் கிடைக்கவேயில்லை. இவர்களுக்கோ தங்கள் படத்தை யார் பார்ப்பது என்று முடிவுசெய்யும் உரிமை கிடைக்கவில்லை. இத்தகைய திருமணங்களைத் தொகுத்து ஆராய்ந்த ரூத் வனிதா, 2005இல் வெளிவந்த தம் நூலில், இவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலமோ இயக்கத் தொடர்போ இல்லாத எளிய குடும்பத்துப் பெண்கள் என்று காட்டுகிறார். மேல்தட்டு நகரத்தாரின் இறக்குமதிச் சரக்கு என்று இதை இன்றும் சொல்பவர்கள் சாகர் நகரை வரைபடத்தில் தேடிப் பார்க்கலாம்.

2018 செப்டம்பரில் 377ஆம் பிரிவு பற்றிய தீர்ப்புக்குப் பின் திரைகள் இங்கும் ஓரளவு விலகின. 2021 டிசம்பரில் ஐதராபாத்துக்கு அருகில் சுப்ரியோ சக்கரவர்த்தியும் அபய் டாங்கும் உறவினர் சூழ நடத்திய விழாவின் படங்களை நாடே பார்த்தது. அவ்விருவரும் முதல் மனுதாரர்களாக இருந்த வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அன்று என்றது. 2025 ஜனவரியில் மறுசீராய்வு மனுக்களும் தள்ளுபடியாயின. பதிவு அலுவலகங்களில் மற்ற மணமக்களிடம் திருமணப் படத்தையும் அழைப்பிதழையும் சான்றாகக் கேட்டு வாங்கிச் சான்றிதழ் தருகிறார்கள். என் தோழியரின் படம் எந்தக் கோப்பிலும் போய்ச் சேராது.

சடங்கு எப்படி இருக்கலாம் என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, சுயமரியாதைத் திருமணத்தைப் பற்றிச் சொன்னேன். 1967இல் தமிழ்நாடு இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-அ பிரிவின்படி புரோகிதர் வேண்டாம். உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ போதும். அப்பிரிவு இரு இந்துக்களுக்கு இடையிலான திருமணம் என்றுதான் தொடங்குகிறது. பால் என்பது சற்றுத் தள்ளி, கணவன், மனைவி என்னும் சொற்களோடுதான் உள்ளே நுழைகிறது. மொழியியல் படித்தவருக்கு இத்தகைய இடங்களில் நின்று பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு. தமிழின் ‘மணமக்கள்’ என்ற சொல்லும் அப்படித்தான்: ஒருமையில் மணமகன், மணமகள் என்று பிரியும், பன்மையில் பலர்பாலாகிவிட, பிரிவு மறைந்துவிடும். இதைக் கொண்டு நம் முன்னோரின் பரந்த மனத்துக்குச் சான்று கூறும் பதிவுகளைக் கண்டிருக்கிறேன். இலக்கணத்துக்கு அவ்வளவு பெருமை கிடையாது. ஆயினும் என் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு மேல் மணமக்கள் என்று எழுதியபோது ஒரு திருத்தமும் தேவைப்படவில்லை என்பது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

கேமரா அவ்வளவு எளிதாக வளையவில்லை. எங்கள் ஊர் ஸ்டுடியோக்களின் மரபு எனக்குப் பழகியது: மணமகள் இடப்புறம், மணமகன் வலப்புறம், அவர் நிமிர்ந்து நிற்க, இவர் சற்றே தலை தாழ்த்த. இரண்டு கைத்தறிப் புடைவைகள் முன்னால் வந்து நின்றதும் யாரை எங்கே நிறுத்துவது என்று கை தடுமாறியது. அவர்களே மாறி மாறி நின்றனர். கடைசியில் நிறுத்துவதை விட்டுவிட்டு, நடப்பதை எடுத்தேன்: மாலை சிக்கிய மூக்குத்தியை ஒருவர் விடுவிப்பது, அண்டாவைச் சேர்ந்து தூக்குவது, பந்தலுக்குள் புகுந்த கன்றுக்குட்டியை விரட்டுவது. இயல்பான பாணி என்று ஒளிப்படக்காரர்கள் பெயரிட்டு விற்பது எனக்கு வேறு வழி தெரியாததால் கைவந்தது.

இரவு மெமரி கார்டைத் தீப்பெட்டி ஒன்றில் வைத்து அவர்களிடம் கொடுத்தேன். அச்சுப்பொறி முதல் படத்தை நீலம் பாய்ந்ததாகத் துப்பியது. எறிந்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லி, அதன் பின்புறம் நாளும் தேதியும் எழுதி, பண்ணை வீட்டுத் தொகுதியில் முதலாவதாக வைத்தார்கள்.